பதினைந்து இலக்கத்தில் ஒரு வீட்டு முகவரி

எங்கள் வீட்டு நாயின் பெயர் செவலை. நாட்டு நாய். ஏழு வருடங்களுக்கு முன்பு, தீபாவளிக்கு முந்தைய இரவு, பக்கத்துத் தெருவில் யாரோ பத்தாயிரம் வாலாவைக் கொளுத்தினார்கள். பாதி திறந்திருந்த கேட் வழியாகப் பாய்ந்தவன்தான். கழுத்து பெல்ட் கேட் கொண்டியில் மாட்டி அறுந்து அங்கேயே கிடந்தது. என் செல்போன் எண்ணை அந்த பெல்ட்டில்தான் எழுதி வைத்திருந்தேன்.

விடியும்வரை தேடினோம். டீக்கடை, மீன் மார்க்கெட், கோயில் வாசல், ரயில்வே கேட் என்று ஒன்று விடாமல் போய் நின்றோம். தீபாவளி அன்று வீட்டில் யாரும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கவில்லை. ஆனாலும் மூன்று நாள் எனக்குள் ஒரு தைரியம் இருந்தது. செவலையின் தோலுக்கு அடியில் மைக்ரோசிப் இருந்தது. குட்டியாக இருந்தபோதே ஒரு தனியார் கால்நடை மருத்துவமனையில் காசு கொடுத்துப் போட்டிருந்தோம். தடுப்பூசிப் புத்தகத்தில் பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டி, கீழே பதினைந்து இலக்க எண்ணையும் எழுதித் தந்திருந்தார்கள். யாராவது பிடித்து ஸ்கேன் செய்தால் போதும், எனக்கு போன் வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

நாலாவது நாள் அந்த மருத்துவமனைக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பையன் ஒரு நீள நோட்டை எடுத்துப் புரட்டினான்.

“இருக்குது சார். உங்க பேரு, நம்பர் எல்லாம் எழுதி வச்சிருக்கோம்.”

“சரி தம்பி. வேற ஏரியாவுல யாராவது ஸ்கேன் பண்ணிப் பார்த்தா?”

“அந்த சிப் நம்பர் வரும் சார்.”

“என் பேரு வருமா?”

“பேரு வராது. நம்பர் மட்டும்தான் வரும். அவங்க நமக்கு போன் பண்ணிக் கேட்டா நாம சொல்லிடுவோம்.”

“உங்ககிட்ட கேட்கணும்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவன் என்னைப் பார்த்தான், நோட்டைப் பார்த்தான். பதில் வரவில்லை. அவன் மேல் தப்பில்லை, அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான்.

செவலை திரும்பி வரவே இல்லை. ஊரில் எங்கேயோ, யாருடைய வாசலிலோ, என் பெயரோடு சேராத ஒரு எண்ணைத் தோலுக்கு அடியில் சுமந்துகொண்டு அவன் இருந்திருப்பான். சென்னையில் வளர்ப்பு நாய்களுக்கு மைக்ரோசிப் கட்டாயம் என்ற அறிவிப்பு வந்ததும், அபராதம் எவ்வளவு என்பதை நான் முதலில் பார்க்கவில்லை. எண்ணை எங்கே எழுதி வைக்கப்போகிறார்கள் என்பதைத்தான் தேடினேன்.

ஐம்பது ரூபாயும் ஐயாயிரம் ரூபாயும்

சென்னையில் நாய் வளர்க்க மாநகராட்சி உரிமம் வேண்டும் என்பது புதிய விஷயம் அல்ல. வருடத்துக்கு 50 ரூபாய். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட சான்றிதழைக் காட்டி வாங்க வேண்டும். வெகுகாலம் அந்த விதி இருப்பதே பலருக்குத் தெரியாது, தெரிந்தவர்களும் பொருட்படுத்தவில்லை. 2024 மே மாதம் ஆயிரம் விளக்கு பகுதியில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறியபோது நகரமே அதிர்ந்தது. உரிமம் என்ற சொல் அப்போதுதான் வீடுகளுக்குள் நுழைந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் கடித்து ஒருவர் உயிரிழந்தார். நாயை யார் வளர்க்கிறார்கள், தடுப்பூசி போட்டிருக்கிறார்களா, கடித்தால் யார் பொறுப்பு என்ற கேள்விகளைத் தள்ளிப்போட முடியாத கட்டத்துக்கு நகரம் வந்து சேர்ந்தது.

2025 அக்டோபரில் மாநகராட்சி மைக்ரோசிப் பணியைத் தொடங்கியது. திரு.வி.க. நகர், புளியந்தோப்பு, நுங்கம்பாக்கம், லாயிட்ஸ் காலனி, கண்ணம்மாபேட்டை, மீனம்பாக்கம் போன்ற இடங்களில் உள்ள மாநகராட்சியின் செல்லப்பிராணிகள் சிகிச்சை மையங்களில் சிப்பும் தடுப்பூசியும் இலவசம். நவம்பர் 24-க்குள் உரிமம் வாங்காவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்றார்கள். கூட்டம் தாங்காமல் கெடு டிசம்பர் 7-க்குத் தள்ளிப் போனது, பிறகு டிசம்பர் 14-க்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மையங்களின் வாசலில் லாப்ரடாரும் பொமரேனியனும் நாட்டு நாய்களும் ஒரே வரிசையில் நின்றன.

இந்த விதி பயத்திலிருந்து பிறந்தது. அதில் தவறில்லை. கடிபட்ட குழந்தையின் தாய்க்கு அந்த நாய் யாருடையது என்று கேட்கும் உரிமை உண்டு. ஆனால் சிப் செய்யக்கூடிய வேலையில் அது பாதிதான். இன்னொரு பாதி, தொலைந்த நாயை வீட்டில் சேர்ப்பது. அதோடு சேர்ந்தது, வேண்டாம் என்று தெருவில் இறக்கிவிட்டுப் போனவர் யார் என்று கண்டுபிடிப்பது.

கடைசியில் சொன்னதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வளர்த்த விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவின்படி குற்றம். முதல்முறை செய்பவருக்கு அந்தச் சட்டம் வைத்திருக்கும் அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல், ஐம்பது ரூபாய் வரை. பல பத்தாண்டுகளாக அதே தொகை. வயதான நாயைக் காரில் ஏற்றிக் கொண்டுபோய் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விட்டுவிட்டு வருகிறவருக்குச் சட்டம் கேட்பது ஒரு டீயும் வடையும் வாங்கும் காசு. அதையும் வசூலிக்க வேண்டுமென்றால், விட்டுப்போனது இன்னார்தான் என்று காட்ட வேண்டும். சிப்பைத் தவிர அதற்குப் பெரும்பாலும் வேறு சாட்சி இல்லை. அபராதத் தொகையைத் திருத்த வேண்டியது நாடாளுமன்றத்தின் வேலை. சாட்சியை உண்டாக்கும் வேலையை ஒரு மாநகராட்சியே செய்யலாம்.

அரிசி மணி அளவு

இலவசம் என்று சொன்னபிறகும் பலர் தயங்கினார்கள். “உள்ளே பேட்டரி இருக்குமே, சூடாகாதா?” “நாய் எங்க போனாலும் போனில் மேப் காட்டுமாமே!” இரண்டுமே தவறான எண்ணம்.

சிப் என்பது அரிசி மணி அளவுள்ள ஒரு கண்ணாடிக் குப்பி. நீளம் சுமார் 12 மில்லிமீட்டர், குறுக்களவு சுமார் 2 மில்லிமீட்டர். உள்ளே பேட்டரி கிடையாது. ஒரு சிறு செம்புக் கம்பிச் சுருளும் ஒரு மின்னணுச் சில்லும்தான் உண்டு. ஸ்கேனர் கருவியிலிருந்து வரும் ரேடியோ அலை அந்தக் கம்பிச் சுருளில் பட்டதும், சிப் அதிலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்கிறது. கருவியை எடுத்துவிட்டால் மறுபடி உறங்கிவிடும். நாய் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது, சொல்லவும் முடியாது. ஜி.பி.எஸ். என்பது வேறு சாதனம், அதைக் கழுத்தில்தான் மாட்ட வேண்டும்.

உலகம் முழுக்க ஒரே மாதிரி படிக்கும்படி இதற்கு ஐ.எஸ்.ஓ. தரம் இருக்கிறது. எண்ணின் அமைப்பைச் சொல்வது 11784, கருவியும் சிப்பும் பேசிக்கொள்ளும் முறையைச் சொல்வது 11785. அலைவரிசை 134.2 கிலோஹெர்ட்ஸ். பதினைந்து இலக்கத்தில் முதல் மூன்று, நாட்டைக் குறிக்கும் அல்லது தயாரித்த நிறுவனத்தைக் குறிக்கும். 356 என்று தொடங்கினால் இந்தியா. 900-க்கு மேல் தொடங்கினால் பெரும்பாலும் நிறுவனத்தின் குறியீடு. வெளிநாட்டுக்குப் போகும் எண்ணம் இருப்பவர்கள் இந்தத் தரத்தில் உள்ள சிப்தானா என்று போடுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஊசி வழக்கமான தடுப்பூசி ஊசியைவிடத் தடித்தது, உண்மைதான். இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே, குட்டியைத் தாய் கவ்வித் தூக்குமே, அந்தத் தளர்ந்த தோலைக் கிள்ளிப் பிடித்து உள்ளே விடுகிறார்கள். மயக்க மருந்து தேவையில்லை. சில நாய்களில் சிப் நாளடைவில் இடம் நகர்ந்து தோள்பக்கமோ முன்னங்கால் முட்டிப் பக்கமோ இறங்கிவிடும். அதனால் ஸ்கேன் செய்பவர் கழுத்தோடு நிறுத்திவிடக் கூடாது. கருவியை மெதுவாக வளைத்து வளைத்து இரண்டு தோள்களையும் மார்பையும் கால்களையும் தடவிப் பார்க்க வேண்டும். அவசரமாக ஒரு தடவு தடவிவிட்டு “சிப் இல்லை” என்று சொல்லிவிடும் இடத்தில், சிப் இருந்தும் இல்லாததற்குச் சமம்.

இங்கிலாந்தின் பூனைகள்

இந்த வழியில் நமக்குப் பத்து வருடம் முன்னால் போன நாடு இங்கிலாந்து. அங்கே 2016 ஏப்ரல் 6 முதல் எட்டு வாரத்துக்கு மேற்பட்ட எல்லா நாய்களுக்கும் சிப் கட்டாயம். ஸ்காட்லாந்தும் வேல்ஸும் அதே நாளில் சேர்ந்துகொண்டன, வட அயர்லாந்து 2012-லேயே தொடங்கிவிட்டது. அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. குட்டி ஈன்ற தாய் நாயை வைத்திருப்பவர்தான் பதிவேட்டில் முதல் உரிமையாளர். சிப் போட்டுத் தன் பெயரில் பதிந்த பிறகுதான் குட்டியைக் கைமாற்ற முடியும். அதனால் ஒரு நாயின் சரித்திரம் அது பிறந்த வீட்டிலிருந்தே எழுதப்படுகிறது. நம் நாட்டிலும் 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகள், வளர்த்து விற்பவர்கள் சிப் போட வேண்டும், எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. ஞாயிறு காலைச் சந்தைகளில் அட்டைப்பெட்டிக்குள் கண் திறந்தும் திறக்காமலும் கிடக்கும் குட்டிகளைப் பார்த்தவர்களுக்கு, அந்த விதி எங்கே நிற்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

பூனைகளுக்கு இங்கிலாந்தில் சட்டம் வர இன்னும் எட்டு வருடம் பிடித்தது. 2024 ஜூன் 10 முதல், வளர்ப்புப் பூனை இருபது வார வயதை எட்டுவதற்குள் சிப் போட்டுப் பதிந்திருக்க வேண்டும். வீட்டை விட்டு வெளியே போகாத பூனைக்கும் விதிவிலக்கு இல்லை. சிப் இல்லை என்று தெரிந்தால் முதலில் 21 நாள் அவகாசம், அப்போதும் போடாவிட்டால் 500 பவுண்டு வரை அபராதம். பண்ணைகளில் எலி பிடித்துத் திரியும் பூனைகளையும் யாருடையதும் அல்லாத தெருப் பூனைகளையும் சட்டம் விட்டுவிட்டது. அப்போது இங்கிலாந்தில் 90 லட்சத்துக்கும் மேற்பட்ட வளர்ப்புப் பூனைகள் இருந்தன, அவற்றில் 23 லட்சம் வரை சிப் இல்லாதவை என்பது அரசு சொன்ன கணக்கு.

சட்டத்தின் கண்ணில் பூனை வெகுகாலம் பின்தங்கியே இருந்தது. பிரிட்டனின் 1988-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. வண்டி மோதிய விலங்கு நாய், குதிரை, மாடு, கழுதை, ஆடு, பன்றி என்றால் ஓட்டுநர் நின்று தகவல் சொல்ல வேண்டும். அந்தப் பட்டியலில் பூனை இல்லை. உழைக்கும் விலங்கு, விலைபெறும் விலங்கு என்று அந்தக் காலத்தில் போட்ட கணக்கு அது. அதே அலட்சியத்தை கிஸ்மோ என்ற பூனையின் கதையிலும் பார்க்கலாம். 2016-ல் அது கார் மோதி இறந்தது. உடலில் சிப் இருந்தது. ஆனால் உடலை எடுத்தவர்கள் ஸ்கேன் செய்யாமலே அப்புறப்படுத்திவிட்டார்கள். வளர்த்தவருக்குத் தன் பூனையை ஒரு முறை பார்த்துப் புதைக்கக்கூடக் கொடுத்துவைக்கவில்லை. இறந்துகிடக்கும் பூனையையும் ஸ்கேன் செய்தாக வேண்டும் என்று அவர் தொடங்கிய இயக்கம் பிரிட்டன் நாடாளுமன்றம்வரை போனது.

இன்னொரு பெயர் டக். ஒன்றரை வயதுகூட ஆகாத, காப்பகத்திலிருந்து தத்துப் போன நாய். 2017-ல் கருணைக்கொலை செய்யப்பட்டது. அதன் சிப் எண்ணுக்குரிய பதிவில், உரிமையாளருக்கு முடியாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்த காப்பகத்தின் விவரமும் இருந்தது. யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒரு போன் போதும், அது பிழைத்திருக்கும். ஆரோக்கியமான நாயைக் கருணைக்கொலைக்குக் கொண்டுவந்தால் முதலில் சிப்பைப் படித்துப் பார்க்க வேண்டும் என்ற கடமை அங்குள்ள கால்நடை மருத்துவர்களின் நடத்தை விதிகளில் ஏறியது டக்கின் சாவுக்குப் பிறகுதான்.

இரண்டு கதைகளிலும் சிப் இருந்தது, சட்டம்கூட ஓரளவுக்கு இருந்தது. ஸ்கேனரை எடுத்து ஒரு தடவு தடவ ஒரு கைதான் இல்லாமல் போனது.

சிப் வந்த பிறகும் அங்கே பழைய பெல்ட்டை விட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1992-ஆம் ஆண்டின் உத்தரவு ஒன்று, பொது இடத்துக்கு வரும் நாயின் கழுத்தில் உரிமையாளரின் பெயரும் முகவரியும் இருந்தாக வேண்டும் என்கிறது. அது இன்றைக்கும் செல்லும். காரணம் எளிது. வழியில் போகிறவரின் சட்டைப்பையில் ஸ்கேனர் இருக்காது, கண் இருக்கும். பெல்ட் அறுந்துபோகும் நாளுக்குச் சிப், மற்ற எல்லா நாளுக்கும் பெல்ட்.

நோட்டு யாரிடம்?

என் பழைய கேள்விக்கு வருகிறேன். எண்ணைப் படித்தாகிவிட்டது, பெயரை எங்கே பார்ப்பது?

இங்கிலாந்தே இதில் தடுமாறிய நாடுதான். அங்கே பதிவேடு வைத்திருக்கும் தனியார் நிறுவனங்கள் இருபதுக்கும் மேல். எண் கிடைத்தால் அது எந்த நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கிறது என்று முதலில் தேடி, பிறகு அந்த நிறுவனத்தைத் தொடர்புகொள்ள வேண்டும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தேடும் வசதி வேண்டும் என்று கால்நடை மருத்துவர்களும் காப்பகங்களும் வருடக்கணக்கில் கேட்டு வந்திருக்கிறார்கள்.

பிரான்ஸ் வேறு வழியில் போனது. வேளாண் அமைச்சகத்தின் சார்பில் நாட்டுக்கே ஒரே பதிவேடு, பெயர் இக்காட். 1999 ஜனவரி 6-க்குப் பிறகு பிறந்த, நான்கு மாதம் தாண்டிய நாய்களும், 2012-க்குப் பிறகு பிறந்த, ஏழு மாதம் தாண்டிய பூனைகளும் அதில் ஏற வேண்டும். சிப்போ, காதில் பச்சை குத்திய எண்ணோ, எதுவானாலும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்.

பதிவேடு எவ்வளவு முக்கியம் என்பதை அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 53 காப்பகங்களுக்கு வந்து சேர்ந்த சிப் உள்ள விலங்குகளைப் பற்றி 2009-ல் வந்த ஆய்வு அது. தெருவில் திரிந்து காப்பகத்துக்கு வந்த நாய்களில் மொத்தத்தில் 21.9 சதவீதம் வீடு திரும்பின. சிப் உள்ள நாய்களில் 52.2 சதவீதம். பூனைகளின் வித்தியாசம்தான் நெஞ்சைத் தொடுகிறது. மொத்தத்தில் நூற்றுக்கு இரண்டுகூட இல்லை, 1.8 சதவீதம். சிப் உள்ள பூனைகளில் 38.5 சதவீதம். சிப் இருந்தும் உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாமல் போனதற்கு என்ன காரணம் என்றும் பார்த்தார்கள். அதில் முதலிடம், பதிவில் இருந்த தொலைபேசி எண் தவறு அல்லது துண்டிக்கப்பட்டது, 35.4 சதவீதம். வேறொரு பதிவேட்டில் கிடந்தவை 17.2 சதவீதம். சிப் போட்டும் எங்கேயும் பதியாமலே விட்டவை 9.8 சதவீதம்.

அதைப் படித்தபோது எனக்கு அந்த நீள நோட்டு கண்முன் வந்தது. செவலை இந்த எண்களுக்குள் எங்கேயோ இருக்கிறான்.

இந்தியாவில் நாய், பூனைகளுக்கு அப்படி ஒரே பதிவேடு கிடையாது. நம்மால் முடியாத காரியமா என்றால், இல்லை. ஈரோட்டிலோ குஜராத்தின் ஆனந்திலோ ஒரு பால் மாட்டின் காதைப் பாருங்கள். மஞ்சள் நிறத் தோடு ஒன்று தொங்கும். அதில் பன்னிரண்டு இலக்க எண். மாட்டு ஆதார் என்றே மக்கள் சொல்லும் அந்த எண் நாடு முழுக்க ஒரே கணினிப் பதிவில் ஏறியிருக்கிறது. எந்த மாட்டுக்கு எப்போது தடுப்பூசி போட்டார்கள், எப்போது சினை ஊசி போட்டார்கள் என்பதெல்லாம் அதில் உண்டு. கோடிக்கணக்கான மாடுகளுக்குச் செய்து காட்டிய நாடு நாய்க்கும் பூனைக்கும் செய்யலாம். மனம் வைக்க வேண்டியதுதான் பாக்கி.

ஊர் எல்லை நாய்க்குத் தெரியாது. பல்லாவரத்தில் வெடிச் சத்தம் கேட்டு ஓடும் நாய் அரை மணி நேரத்தில் மீனம்பாக்கத்தில் நிற்கும். பல்லாவரம் தாம்பரம் மாநகராட்சி, மீனம்பாக்கம் சென்னை மாநகராட்சி. சென்னையில் உரிமம் வாங்கிய குடும்பம் அடுத்த வருடம் மாற்றலாகி மதுரைக்குப் போகும், நாயும் லாரியில் ஏறிக் கூடவே போகும். ஒவ்வொரு உள்ளாட்சியும் தனக்கென்று ஒரு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டால், என் மருத்துவமனைப் பையனின் நோட்டுதான் கொஞ்சம் பெரிதாகும். மாநில அரசு இப்போதே எல்லா மாநகராட்சிகளையும் நகராட்சிகளையும் ஒரே பதிவில் கோக்க வேண்டும். தனியார் மருத்துவமனையில் போட்ட சிப்பும் அதே பதிவில் ஏற வேண்டும். எண்ணைத் தட்டினால் உரிமையாளரின் விவரம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அவருக்கு ஒரு குறுஞ்செய்தி போனால் போதும். அதுவே நாயை வீட்டுக்குக் கூட்டி வந்துவிடும்.

பதிவேடு இருந்தால் மட்டும் போதாது, மக்கள் பயமில்லாமல் அதில் பதிய முன்வர வேண்டும். சிங்கப்பூரில் தமிழ்க் குடும்பங்கள் பல இருக்கும் அரசு அடுக்குமாடி வீடுகளில் முப்பது வருடங்களுக்கு மேல் பூனை வளர்க்கத் தடை இருந்தது. மறைத்து வளர்த்தவர்கள் ஏராளம். 2024 செப்டம்பர் 1 முதல் அரசு அந்தத் தடையை நீக்கியது. அந்த வீடுகளில் இரண்டு பூனைவரை வளர்க்கலாம், ஆனால் சிப் போட்டு உரிமம் வாங்க வேண்டும். மாறிக்கொள்ள 2026 ஆகஸ்ட் 31 வரை அவகாசம் கொடுத்தார்கள். அந்தக் காலத்துக்குள் கருத்தடை செய்த பூனைக்கு உரிமம் இலவசம் என்றார்கள். ஒளித்து வளர்த்தவரைப் பிடித்துத் தண்டிக்காமல், வெளியே வரச் சொல்லி வழி விட்டார்கள். நம் ஊரில் வாடகை வீட்டில் இருப்பவர்கள் பலர் உரிமத்துக்குப் போகத் தயங்குகிறார்கள். வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடுமோ, சங்கத்தில் சண்டை வருமோ என்ற பயம்தான். அந்தப் பயத்தை நீக்காமல் அபராதத்தை மட்டும் உயர்த்தினால், நாய்கள் மொட்டைமாடியில் மறைவாகக் கிடக்கும். தடுப்பூசிக்குக்கூட வெளியே வராது.

பில்லை இருந்த காலம்

எழுபது வயது தாண்டிய சென்னைக்காரர்களிடம் கேட்டால் ‘நாய் பில்லை’ என்பார்கள். லைசென்ஸ் கட்டினால் எண் பொறித்த உலோகப் பில்லை தருவார்கள், கழுத்தில் கட்டிவிட வேண்டும். பில்லை இல்லாமல் தெருவில் திரியும் நாயை மாநகராட்சி வண்டி பிடித்துப் பட்டிக்குக் கொண்டு போகும். அங்கே போன நாய்கள் கொல்லப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிய அந்தக் கொலை, ப்ளூ கிராஸ் அமைப்பு வருடக்கணக்காக வாதாடிய பிறகு 1996-ல்தான் கருத்தடைத் திட்டமாக மாறியது. கருத்தடை செய்த தெருநாய்க்கு அடையாளமாகக் காதில் வி வடிவ வெட்டு வந்ததும் அந்த வழியில்தான்.

அந்தக் காலத்தில் பில்லை என்பது உயிர்ச்சீட்டு. வீட்டு நாய் பில்லை அறுந்து ஓடிப்போனால், சொந்தக்காரர் மறுநாள் காலைக்குள் பட்டிக்கு ஓட வேண்டும். இதைச் சொல்லும்போது பெரியவர்களின் குரல் இன்றும் இறங்கிப்போகிறது.

இன்னும் பின்னால் போனால், திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று கிடைத்தது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மாட்டு மந்தையைக் காக்கப் போராடி மாண்ட கருந்தேவகத்தி என்ற வீரனோடு, அவன் நாயையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும் கல்வெட்டு சொல்கிறது. நாய்க்குப் பெயர் எழுதி, அது யாருடையது என்பதையும் கல்லிலேயே வெட்டி வைத்த மண் இது.

செய்ய வேண்டியவை

சிப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். போட்ட உடனே, அங்கேயே ஸ்கேன் செய்து காட்டச் சொல்லுங்கள். கருவியில் வரும் எண்ணும் அட்டையில் ஒட்டிய எண்ணும் ஒன்றுதானா என்று இலக்கம் இலக்கமாகப் பாருங்கள். செல்போன் எண்ணை மாற்றினால் வங்கிக்கும் கேஸ் ஏஜென்சிக்கும் சொல்வதுபோல உரிமப் பதிவிலும் மாற்றுங்கள். தடுப்பூசிக்குப் போகும் ஒவ்வொரு வருடமும் சிப்பையும் ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள், நகர்ந்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும். நாயை வேறு வீட்டுக்குக் கொடுத்தால், சங்கிலியோடு பதிவையும் கொடுங்கள்.

பிள்ளைகளோடு, நாயையும் கூட்டிக்கொண்டு, ஐரோப்பாவிலோ பிரிட்டனிலோ குடியேறப் போகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. முதலில் சிப், பிறகு வெறிநாய்த் தடுப்பூசி. சிப்புக்கு முன்னால் போட்ட ஊசி அங்கே கணக்கில் வராது, மறுபடி போட வேண்டும். ஊசி போட்டு முப்பது நாளாவது கழித்து ரத்தம் எடுத்து அங்கீகரித்த ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். வரிசை தெரியாமல் கடைசி நேரத்தில் ஓடி, நாயை உறவினர் வீட்டில் விட்டுவிட்டு விமானம் ஏறி, அங்கே போய் அழுத குடும்பங்களை எனக்குத் தெரியும்.

செவலைக்குப் பிறகு இரண்டு வருடம் வீட்டில் நாயே இல்லை. இப்போது இருப்பவள் பெயர் மைனா. அவளும் நாட்டு நாய்தான், மழைக்கு எங்கள் படிக்கட்டில் ஒதுங்கியவள். கெடுவுக்கு முந்தைய ஞாயிறு அவளைக் கூட்டிக்கொண்டு வரிசையில் நின்றேன். டோக்கன் எண் 84.

எனக்கு முன்னால் ஒரு பாட்டி. கண்டாங்கிச் சேலை, தோளில் துணிப்பை. பைக்குள்ளிருந்து தலையை நீட்டிக்கொண்டு ஒரு கிழட்டுப் பொமரேனியன், கண் இரண்டும் பால் படர்ந்திருந்தது. ஊசியை எடுத்ததும் பாட்டி அதன் முகத்தைத் தன் கழுத்தோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, “ஒண்ணுமில்லடா ராஜா, ஒண்ணுமில்ல” என்றாள். அது ஒரே ஒரு தடவை முனகியது. கருவியை வைத்ததும் பீப் என்று சத்தம்.

“முடிஞ்சுது பாட்டிம்மா. போகலாம்.”

பாட்டி நகரவில்லை. கூட வந்திருந்த பேரனை அருகில் இழுத்தாள். எட்டு வயதிருக்கும்.

“இன்னொரு வாட்டி அந்த மெஷினை வையி கண்ணு. டேய், அதுல வர்றதை நீ படி, நான் சீட்டுல விரல் வச்சுக்கறேன்.”

பையன் ஒவ்வொரு எண்ணாகச் சத்தமாகப் படித்தான். பாட்டியின் விரல் காகிதத்தில் ஒவ்வொரு எண்ணாக நகர்ந்தது. பின்னால் நாங்கள் நாற்பது ஐம்பது பேர் நின்றிருந்தோம், யாரும் அவசரப்படுத்தவில்லை. ஒன்பதாவது எண்ணில் பையன் தடுமாறினான். பாட்டி முதலிலிருந்து படிக்கச் சொன்னாள். இரண்டாவது முறை பதினைந்தும் சேர்ந்தன. அவள் சீட்டை நாலாக மடித்து, பர்ஸில் ஆதார் அட்டையோடு சேர்த்து வைத்தாள். பிறகு பதிவுக் கவுன்ட்டரில் குனிந்து, மகளின் செல்போன் எண்ணைத் திரையில் காட்டச் சொல்லி, அதையும் பையனை விட்டுப் படிக்க வைத்தாள்.